வில்ட்ஷர் ஆய்விதழை வாசிப்பது எப்படி? 1854 முதல் வெளிவரும் ஓர் உள்ளூர் இதழுக்குள் நுழைய முழுமையான வழிகாட்டி

ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். யாரோ சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லியிருப்பார். குழியைத் தோண்டியவர் அங்கே என்ன பார்த்தார் என்பது மட்டும் இருக்காது. பார்த்தவர்கள் எழுதி வைத்த இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள வில்ட்ஷர் மாவட்டத்தில், டிவைசிஸ் என்ற சிறிய சந்தை ஊரிலிருந்து வெளிவரும் 'வில்ட்ஷர் தொல்லியல் மற்றும் இயற்கை வரலாற்று இதழ்'தான் அது. ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரிக் கல்வட்டம், பழங்கால மனிதர் குவித்த சில்பரி மேடு மூன்றும் அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

இதை நடத்துவது பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ அல்ல, உள்ளூர்க்காரர்களின் கழகம். 1853 அக்டோபரில் டிவைசிஸில் கூடித் தொடங்கினார்கள். வில்ட்ஷரில் பிறந்த ஜான் பிரிட்டன் என்பவர் தம் மாவட்டம் பற்றி வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் படங்களும் விலைக்கு வந்தன. அவை வெளியே போய்விடக் கூடாது என்று சிலர் பணம் திரட்டி வாங்கினார்கள். வாங்கியதைக் காக்க ஓர் அமைப்பு வேண்டுமே, அங்கிருந்துதான் கழகம் பிறந்தது. முதல் தலைவரான ஜார்ஜ் பூலெட் ஸ்க்ரோப் எரிமலைகளை ஆராய்ந்த நிலவியலாளர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பழங்காலத்தையும் இயற்கையையும் ஒரே இதழில் சேர்த்து வைத்தது அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். மறு ஆண்டே, 1854இல், முதல் தொகுதி அச்சாகத் தொடங்கியது. 2007இல் 100ஆவது தொகுதி வந்தது. இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

நூறு தொகுதிகளுக்கு மேல் என்றதும் மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, பாதிரியார்களின் வரவேற்புரைகளிலேயே மூழ்கிப் பாதியில் கைவிட்டேன். பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். ஆங்கிலம் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும். தொல்லியல் பட்டம் தேவையில்லை. இதில் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கும் அது இருந்ததில்லை.

முதல் படி: தொகுதிகளைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

பழைய தொகுதிகள் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இலவச இணைய நூலகத்திலும், 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்திலும் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பக்கங்களாகக் கிடைக்கின்றன. முதலாவது தாவரங்கள், விலங்குகள் பற்றிய நூல்களுக்காக அமைந்த நூலகம். பூக்கள், பறவைகள், வண்டுகள் பற்றிய குறிப்புகளும் இந்த இதழில் இருப்பதால் அது அங்கே இடம்பிடித்தது. கல்லறைகளைத் தேடுபவருக்கும் கதவு திறந்தது. தளத்தின் பெயரைப் பார்த்துவிட்டு 'இங்கே தொல்லியல் எப்படி இருக்கும்' என்று திரும்பிவிடாதீர்கள்.

இதழின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடுங்கள். மற்ற நூல்களின் அடிக்குறிப்புகளில் இதன் பெயர் 'டபிள்யூ ஏ எம்' என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கியிருக்கும், சில இடங்களில் நடுவே ஓர் 'என்.எச்.' சேர்ந்திருக்கும். எல்லாம் ஒன்றுதான். 1970களின் சில தொகுதிகள் இயற்கை வரலாறு 'ஏ', தொல்லியல் 'பி' என இரண்டாகப் பிரிந்து வந்தன. அந்தக் காலத்துக் கட்டுரை ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் மற்றப் பாதியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிட்டு, ஓர் ஊரைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர் ஸ்டோன்ஹெஞ்ச் என்று தேடுவார். ஆயிரக்கணக்கில் வரிகள் வந்து விழும், எதுவும் பிடிபடாது. இந்த இதழின் கட்டமைப்பு பாரிஷ் என்னும் அலகின் மேல் நிற்கிறது. ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர் எல்லைதான் பாரிஷ். நம் வருவாய்க் கிராமம் போல அதற்குப் பெயரும் எல்லையும் பழைய பதிவேடுகளும் உண்டு. எழுதியவர்களில் பலர் அந்தந்தப் பாரிஷின் பாதிரியார்கள். தம் ஊர்க் காட்டில் ஏர் கிளப்பிய பானையோடும் உடைத்த மேட்டில் வந்த எலும்போடும் முதலில் அவரிடம்தான் ஊர்மக்கள் வருவார்கள்.

ஆகவே ஒரே ஒரு பாரிஷைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏவ்பரி, ஏம்ஸ்பரி, ஆல் கேனிங்ஸ், எதுவானாலும் சரி. தேர்ந்ததும் 38ஆவது தொகுதிக்குப் போங்கள். 1913, 1914இல் வந்த அந்தத் தொகுதியில் எட்வர்ட் ஹங்கர்ஃபோர்ட் காடர்ட் தயாரித்த பட்டியல் ஒன்று இருக்கிறது: வில்ட்ஷரின் வரலாற்றுக்கு முந்தைய, ரோமானிய, கிறித்துவத்துக்கு முந்தைய சாக்ஸன் தொல்பொருள்கள் அனைத்தும், பாரிஷ் வாரியாக, இருநூறு பக்கங்களுக்கு மேல். காடர்ட் கிளிஃப் பைபர்ட் என்ற ஊரின் பாதிரியார். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த இதழின் ஆசிரியராக இருந்தவர். தமக்கு முந்தைய தொகுதிகளில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஊர் ஊராகக் கோத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்ற சுட்டு இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் போதும். இதழை வாசிக்கத் தொடங்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: பெயர்களைப் பழைய கண்ணால் தேடுங்கள்

இதில் நான் இழந்த நாட்கள் அதிகம். ஏவ்பரியை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடி, முக்கியமான 19ஆம் நூற்றாண்டுக் கட்டுரைகள் சிக்காமல், 'இவ்வளவுதான் போலிருக்கிறது' என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒருநாள் தற்செயலாகப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அவர்கள் அந்த ஊரை 'ஏ, பி, யு, ஆர், ஒய்' என்ற ஐந்தே எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். நடுவில் 'வி' இல்லை, 'இ' இல்லை. தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஏம்ஸ்பரிக்கும் 'ஆம்ப்ரஸ்பரி' என்ற பழைய வடிவம் உண்டு. சாலிஸ்பரியை 'சாரம்' என்பார்கள். மாவட்டத்தின் பெயரே பல இடங்களில் 'வில்ட்ஸ்' என்று சுருங்கியிருக்கும்.

வருடப்பட்ட படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரியின் பிழைகள் வேறு. வரி முடிவில் ஒட்டுக்குறியோடு உடைந்த சொல்லை அது இரண்டாகக் கொள்ளும். சாய்வெழுத்தைத் தப்பாகப் படிக்கும். தேடிக் கிடைக்கவில்லை என்பதால் இதழில் இல்லை என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். தொகுதியின் கடைசியில் அச்சிட்ட சொல்லடைவு இருக்கும். அதைக் கண்ணால் பாருங்கள். அதை உருவாக்கியவர் பக்கத்தைப் படித்துப் பொருள் புரிந்து பெயரைச் சேர்த்தவர். எழுத்துணரி செய்யாத வேலை அது.

இன்னொன்று: வருடப்பட்ட கோப்பின் பக்க எண்ணும் அச்சிட்ட பக்க எண்ணும் வேறு வேறு. குறித்துக்கொள்ளும்போது எப்போதும் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணையே எழுதுங்கள்.

நான்காம் படி: தொகுதியைப் பின்னாலிருந்து திறங்கள்

ஒரு தொகுதியில் முன்னால் இருப்பவை நீண்ட கட்டுரைகள்: தேவாலயங்களின் வரலாறு, பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி, ஆண்டுக்கூட்ட உரைகள். அவற்றை எழுதியவர்கள் பெரியவர்கள், அழகாகவும் எழுதினார்கள். ஆனால் முதலில் படிக்க வேண்டியவை அவை அல்ல. பின்பகுதியில் சிறிய எழுத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு பிரிவு வரும். அதை அடுத்து அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் வந்து சேர்ந்தவற்றின் பட்டியல், இறந்தவர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகள், மாவட்டம் பற்றி அந்த ஆண்டு வெளிவந்த நூல்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது.

நீண்ட கட்டுரை எழுத ஒருவருக்கு ஒரு கொள்கை வேண்டும். குறிப்பு எழுதக் கண் இருந்தால் போதும். இன்ன வயலில், இன்ன பாதையின் வடக்கே, தரைக்கு இரண்டடி கீழே, சாம்பலோடு ஒரு பானை, இன்னார் கொடுத்தார். நான்கு வரி. கொள்கைகள் மூன்று தலைமுறையில் உதிர்ந்துபோகின்றன, இந்த நான்கு வரி அப்படியே நிற்கிறது. அந்த வயலின் மேல் இன்று வீடுகள் நின்றால் அதைச் சொல்ல வேறு சாட்சியே இல்லை.

வரவுப் பட்டியலையும் தாண்டிப் போகாதீர்கள். கழகம் 1874இல் டிவைசிஸின் லாங் ஸ்ட்ரீட்டில் அருங்காட்சியகம் தொடங்கியது. 1883இல் ஸ்டவர்ஹெட் மாளிகையிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைமேடுகளைத் தோண்டுவித்த ரிச்சர்ட் கோல்ட் ஹோரின் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலுள்ள புஷ் பேரோ புதைமேட்டில் 1808இல் எடுத்த தங்கச் சாய்சதுரத் தகடு அந்தச் சேகரிப்பில் வந்ததுதான். ஒரு பொருள் எந்த ஆண்டில், யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எங்கே தோண்டப்பட்டது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நினைவுக் குறிப்புகளை ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒருவர் எந்த ஆண்டு எந்த ஊரில் வாழ்ந்தார், யாரோடு தோண்டினார், அவருடைய கையெழுத்துப் பிரதிகள் யாரிடம் போயின என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஐந்தாம் படி: ஒரு கேள்வியை முன்னும் பின்னும் துரத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பேன் என்று நீங்கள் சொன்னால், இதை வைத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் வரும் உள்ளூர் இதழின் பெருமை அதிலுள்ள ஏதோ ஒரு கட்டுரையில் இல்லை. கேட்ட கேள்விக்கு அதே இதழில், வேறு தலைமுறை, அதே மண்ணைத் தோண்டி விடை சொல்கிறது. ஒற்றைக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுந்துவிட்டால் இந்த உரையாடல் காதில் விழாது.

சில்பரி மேட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர் குவித்த மேடுகளில் மிகப் பெரியது, சுமார் 30 மீட்டர் உயரம். 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குஸன் ஒரு வாதத்தைக் கிளப்பினார்: பக்கத்தில் போகும் ரோமானியச் சாலை நேர்கோடாக வருகிறது, அது மேட்டின் அடியில்தான் போயிருக்க வேண்டும், ஆகவே மேடு ரோமானியருக்குப் பிந்தையது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கழகத்தார் இதை மேசையில் உட்கார்ந்து மறுக்கவில்லை. 1867இல் போய்த் தோண்டிப் பார்த்தார்கள். சாலை மேட்டுக்குத் தெற்கே விலகி வளைந்து போவது தெரிந்தது. சாலை போடும்போதே மேடு அங்கே நின்றிருக்கிறது. ஜான் வில்கின்சன் எழுதிய அறிக்கை 11ஆம் தொகுதியில் இருக்கிறது, ஆறே பக்கம். மண்வெட்டியால் ஒரு வாதத்தை முடித்துவைத்த அந்த ஆறு பக்கங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

இதைவிட நீளமான உரையாடல் ஒன்று உண்டு. ஏவ்பரியிலிருந்து புறப்படும் கல்வரிசை ஓவர்டன் குன்றில் போய் முடிகிறது. முடியும் இடத்தில் 'சரணாலயம்' என்று பெயர்பெற்ற கல்வட்டம் ஒன்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் தொல்பொருள் ஆர்வலர் ஜான் ஆப்ரி அதைப் பதிவு செய்தார். அடுத்த நூற்றாண்டில் இன்னொரு ஆர்வலரான வில்லியம் ஸ்டூக்லி வரைந்தார். அவர் காலத்திலேயே, 1720களில், விவசாயத்துக்காகக் கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். அதன்பின் அந்த இடம் எது என்பதே மறைந்துபோனது. இருநூறு ஆண்டுகள்.

1930இல் தொல்லியலாளர் மாட் கன்னிங்டன் ஸ்டூக்லியின் விவரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேடி, இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினார். கற்கள் நின்ற குழிகள் மட்டுமல்ல, ஸ்டூக்லிக்கே தெரியாத கம்பக்குழிகளும் வளையம் வளையமாக வெளிவந்தன. மரக்கம்பங்கள் என்றைக்கோ மக்கிப்போய்விட்டன. சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய குழிகள் மட்டும் வேறு நிற மண் நிறைந்து கிடந்தன. அறிக்கை 45ஆவது தொகுதியில் வந்தது. திறந்து வைத்துக்கொண்டு குழி அளவுகளின் பட்டியலைப் பாருங்கள்: ஒவ்வொரு குழிக்கும் எண், ஆழம், அகலம், உள்ளே கிடைத்தவை. சலிப்பூட்டும் பட்டியல்தான். ஆனால் பிற்காலத்தார் அந்தப் பட்டியலின்றி ஓர் அடிகூட எடுத்துவைத்திருக்க முடியாது.

இப்போது எழுபது ஆண்டுகள் தாண்டி 94ஆவது தொகுதிக்கு வாருங்கள். 2001. தொல்லியலாளர் மைக் பிட்ஸ் 1999இல் அதே இடத்தை மறுபடி திறந்து தோண்டி, முடிவுகளை அதே இதழில் எழுதினார். 1930இல் பணிசெய்த வில்லியம் யங் என்பவர் நாள்தோறும் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அச்சிட்ட அறிக்கையில் இல்லாத விவரங்கள் அந்த நாட்குறிப்பில் இருந்தன. கம்பங்கள் ஒருமுறை நட்டு அப்படியே விடப்பட்டவை அல்ல, பிடுங்கி மறுபடி மறுபடி நடப்பட்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்த மறுவாசிப்பு வலுவூட்டியது. 45ஐ மட்டும் படித்தவருக்கு அது கூரையுள்ள கட்டடமாகவோ நிலையான வட்டமாகவோ தோன்றும். 94ஐ மட்டும் படித்தவருக்கு, முதல் அகழாய்வாளர் கவனமில்லாதவர் என்று தோன்றிவிடும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் ஒரு குழியைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதும், மாட் கன்னிங்டன் எவ்வளவு செய்து முடித்திருக்கிறார் என்பதும் புரியும்.

செய்முறை சுருக்கமாக: ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னே போங்கள். பிறகு அதே ஊரின் பெயரை அடுத்துவந்த ஒவ்வொரு தொகுதியின் சொல்லடைவிலும் பார்த்து முன்னே வாருங்கள். இரண்டாவது வேலையைப் பலர் செய்வதில்லை. திருத்தங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஆறாம் படி: இயற்கைப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

தொல்லியலுக்காக வருபவர்கள் பூக்களையும் பாறைகளையும் புரட்டித் தள்ளிவிடுவார்கள். பெரிய இழப்பு. ஸ்டோன்ஹெஞ்சின் கற்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியை முதலில் முறையாகக் கையாண்டவர்களில் ஒருவர் கனிமவியலாளர் நெவில் ஸ்டோரி மாஸ்கலின். வில்ட்ஷரிலேயே வீடுள்ளவர். 17ஆவது தொகுதியில், 1878இல், அந்தக் கற்களின் பாறைத்தன்மையை ஆராய்ந்து எழுதினார். 23ஆவது தொகுதியில், 1886இல், ரூபர்ட் ஜோன்ஸ் சார்சன் கற்களின் வரலாற்றை எழுதினார். சார்சன் என்பது வில்ட்ஷர் மேட்டுநிலங்களில் ஆட்டுமந்தைபோலச் சிதறிக் கிடக்கும் கடினமான மணற்கல். தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் ஆடுகள் என்றே தோன்றும். ஊர்மக்கள் 'சாம்பல் கிடாக்கள்' என்றே அழைத்தார்கள். 1901இல் வில்லியம் கௌலாண்ட் ஸ்டோன்ஹெஞ்சில் சாய்ந்த பெருங்கல் ஒன்றை நிமிர்த்தித் தோண்டியபோது, கிடைத்த கற்சில்லுகளை ஜட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அங்குள்ள சிறிய கற்களான நீலக்கற்களைப் பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. 33ஆவது தொகுதியில் படிக்கலாம்.

பின்கதை இதழுக்கு வெளியே நடந்தது. 1923இல் ஹெர்பர்ட் தாமஸ் அந்த நீலக்கற்கள் வேல்ஸின் பிரசெலி மலைகளிலிருந்து வந்தவை என்று காட்டினார். 2020இல் பெரிய சார்சன் கற்களில் பெரும்பாலானவை ஸ்டோன்ஹெஞ்சுக்கு 25 கிலோமீட்டர் வடக்கேயுள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டைச் சேர்ந்தவை என்று வேதியியல் ஆய்வு சொன்னது. 2024இல், ஸ்டோன்ஹெஞ்சின் நடுவே கிடக்கும் 'பலிபீடக்கல்' எனப்படும் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்ற முடிவு வெளியானது. இந்தச் செய்திகளைப் படித்தவர்கள் மாஸ்கலினிடம் திரும்பிப் போய்ப் பாருங்கள். பனியா மனிதனா என்ற சண்டை அன்றைக்கே எவ்வளவு சூடாக இருந்தது என்பது தெரியும்.

தாவரங்களுக்கு வேறு முறை. டி.பி. ஃபிளவர் எழுதிய வில்ட்ஷர் தாவரப்பட்டியல் 4ஆவது தொகுதி தொடங்கிப் பல தொகுதிகளில் தொடராக வந்தது. 1957இல் டொனால்ட் குரோஸின் விரிவான தாவர நூலைக் கழகமே வெளியிட்டது. ஒரு செடியை இரண்டிலும் பார்த்தால், நூறாண்டுக்குள் அது எந்தச் சதுப்பிலிருந்து போய்விட்டது, எந்தச் சாலையோரத்துக்கு வந்துவிட்டது என்று நீங்களே கோடு போட்டுவிடலாம். அறிவியல் பெயர்கள் மாறியிருக்கும். இன்றைய பெயரோடு பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பறவைகளுக்கும் அப்படித்தான். 'லேண்ட்ரெயில்' என்று பழைய பக்கங்களில் வருவதுதான் இன்றைய 'கார்ன்கிரேக்'. 'பீவிட்' என்பது 'லேப்விங்', நம் ஆள்காட்டியின் இனம்.

பறவைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். நம் கானமயிலின் ஐரோப்பிய உறவான பெரும் பஸ்டர்ட் ஒரு காலத்தில் சாலிஸ்பரிச் சமவெளியில் மேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்வது நின்றது. பாதிரியாரும் பறவையியலாளருமான ஏ.சி. ஸ்மித் இந்த இதழில் வில்ட்ஷர் பறவைகளைப் பற்றி எழுதியபோது, அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள். 2004இல் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அதே சமவெளியில் விட்டார்கள். 2009இல் அங்கேயே குஞ்சு பொரித்தன. கானமயில் நம் நாட்டில் இருக்கும் நிலையை அறிந்தவர்கள் ஸ்மித்தின் பக்கங்களைக் கண்கலங்காமல் படிக்க முடியாது.

ஏழாம் படி: எதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது

கண்டதை நம்புங்கள், விளக்கத்தைச் சோதியுங்கள். ஆழம், திசை, மண்ணின் நிறம், எது எதன் மேல் கிடந்தது ஆகியவற்றை அவர்கள் நேர்மையாக எழுதினார்கள். காலக்கணிப்பு வேறு கதை. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு 1949க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய எந்தத் தொகுதியிலும் 'இன்ன ஆண்டு' என்று வருவது ஊகம். கௌலாண்ட் ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கி.மு. 1800 என்றார். கையிலிருந்த சான்றுகளுக்கு அது நல்ல ஊகம். இன்று பெரிய கற்கள் கி.மு. 2500ஐ ஒட்டியும், சுற்றியுள்ள அகழி கி.மு. 3000ஐ ஒட்டியும் வைக்கப்படுகின்றன.

மண்டையோடுகள் பற்றிய பகுதிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டிவைசிஸில் இருந்த வில்ட்ஷர் மாவட்ட மனநல மருத்துவமனையின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் ஜான் தர்னம் 1859இல் மேற்குக் கென்னட் நீள் புதைமேட்டைத் தோண்டினார். நீள் மேட்டில் நீள் மண்டை, வட்ட மேட்டில் வட்ட மண்டை என்ற சூத்திரம் அவருடையது. மண்டை வடிவத்தை வைத்து இனங்களை வகுத்த அந்தக் காலத்து நம்பிக்கை இதழ் முழுவதும் நிழலாடுகிறது. அவர் எந்த அறையில் எத்தனை எலும்புக்கூடுகளைக் கண்டார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், இனம் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மேட்டின் மற்ற அறைகள் 1955, 1956இல் தொல்லியலாளர்கள் பிகட்டும் அட்கின்சனும் தோண்டும்வரை மூடியே கிடந்தன என்பதையும் நினைவில் வைத்தால், தர்னத்தின் கணக்கு ஏன் பாதிக் கணக்கு என்பது விளங்கும்.

ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்கள் என்று பழைய எழுத்தாளர்கள் நம்பிய ட்ரூயிட் பூசாரிகள் வந்தால் மரியாதையாகத் தாண்டிப் போங்கள்.

எட்டாம் படி: குறிப்பெடுக்கும் முறை

ஒரு கண்டுபிடிப்புக்கு ஓர் அட்டை. மேலே பாரிஷின் இன்றைய பெயர், அதன் கீழே தொகுதியில் உள்ள பெயர் அப்படியே. பிறகு கண்டவர் யார், எழுதியவர் யார் என்று தனித்தனியே எழுதுங்கள். இவர்கள் பெரும்பாலும் ஒருவரே அல்ல. ஏர் ஓட்டியவர் கண்டிருப்பார், பாதிரியார் எழுதியிருப்பார். தோண்டிய ஆண்டும் அச்சான ஆண்டும்கூட வேறு வேறு, சில சமயம் பத்தாண்டு இடைவெளி இருக்கும். அளவுகளை அடி, அங்குலத்திலேயே எழுதிவிட்டு மீட்டரைப் பக்கத்தில் போடுங்கள். மாற்றும்போது பிழை நேர்ந்தால் மூலம் கையில் இருக்க வேண்டும்.

இடத்தை உறுதிசெய்ய ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் பேருதவி. பெயர் ஸ்காட்லாந்து என்றாலும் இங்கிலாந்தின் பழைய நில அளவைப் படங்களும் அங்கே உண்டு. மைலுக்கு ஆறு அங்குல அளவிலான 19ஆம் நூற்றாண்டுப் படத்தை இன்றைய வான்படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறிப்பில் வரும் பாதை, களிமண் குழி போன்றவை பலவும் பழைய படத்தில் இருக்கும். அதன்பின் வில்ட்ஷர், ஸ்விண்டன் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் அதே இடத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் சான்றுகளில் நீங்கள் படித்த அதே தொகுதியும் பக்கமும் நிற்கும். நிற்கவில்லை என்றால் நீங்கள் யாரும் கவனிக்காத ஒரு நான்கு வரியைக் கண்டெடுத்திருக்கலாம். பதிவேட்டை நடத்துபவர்களுக்கு எழுதுங்கள்.

நேரில் போக வாய்ப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் இருப்பவர்களும் போகும் வாய்ப்புள்ளவர்களும் டிவைசிஸில் லாங் ஸ்ட்ரீட் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் வராதீர்கள். இப்போது அதன் பெயர் வில்ட்ஷர் அருங்காட்சியகம். கழகத்தின் நூலகமும் அங்கேதான் இருக்கிறது. நூலகத்தைப் பயன்படுத்த முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து ஓவர்டன் குன்றுக்குப் போங்கள். ஏ4 சாலையோரம், ரிட்ஜ்வே நடைபாதை தொடங்கும் இடத்துக்கு எதிரே, சிறிய புல்வெளி. கட்டணம் இல்லை. ஒரு கல்கூட நிற்காது. குட்டையான கான்கிரீட் குற்றிகள் மட்டும் வளையம் வளையமாகப் புல்லில் பதிந்திருக்கும்: நாற்சதுரமானவை கற்கள் நின்ற இடம், வட்டமானவை கம்பங்கள் நின்ற இடம். 1930இல் தோண்டி முடித்தபின் குழிகளைத் தொலைத்துவிடக் கூடாது என்று வைத்த அடையாளங்கள். போகும் முன் 45ஆவது தொகுதியின் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு எது என்று பார்த்துத் தாளைத் திருப்புங்கள். பிறகு வெளிவட்டத்திலிருந்து குற்றி குற்றியாக எண்ணிக்கொண்டே உள்ளே நடங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாளில் ஓர் எண்ணும் ஓர் ஆழமும் இருக்கும்.